கிணற்றடித் தென்னையும் வாசல் தென்னையும்: தேற்றுவதா, வெட்டுவதா?

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம். பன்னிரண்டு சென்ட் வளவில் மூன்று தென்னை. அதில் இரண்டு போன வருடம் மாசியில் ஒன்றாகச் சோர்ந்து நின்றன. கிணற்றடியில் நிற்பது அப்பா வைத்த நெட்டை ரகம். நாற்பது வயதாவது இருக்கும். வாசலில் நின்றது நான் வைத்தது, பன்னிரண்டு வயது. இரண்டிலும் ஓலை மஞ்சளித்தது, குரும்பை (பிஞ்சுக் காய்) கொட்டியது. தீயலுக்குத் தேங்காய் கடையில் வாங்க வேண்டி வந்த பிறகுதான் நான் அண்ணாந்தே பார்த்தேன்.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தேங்காய் வெட்ட வருகிற அண்ணாச்சி வேரில் டானிக் கட்டச் சொன்னார். உரக்கடையில் பூச்சி மருந்து. அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், தூரில் இரண்டு கிலோ கல்லுப்பு. கருங்கல் ஊரிலிருந்து வந்த சித்தப்பா இரண்டு மரத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மக்ளே, ரெண்டையும் வெட்டிப் போட்டுட்டு குட்டை வை, மூணாம் வருசம் காய்க்கும்" என்றார்.

இதில் எதுவும் முட்டாள்தனமான யோசனை இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோய்க்குச் சரியான மருந்து. ஆனால் இரண்டு மரத்துக்கும் ஒரே நோய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மஞ்சள் ஓலை காய்ச்சல் மாதிரி. எதற்கு வேண்டுமானாலும் வரும். முடிவெடுக்க அது உதவாது. உதவுவது குருத்து.

மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு மொட்டுதான். அது செத்தால் மரம் செத்தது. கீழே தண்டு எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மறுபடி துளிர்க்காது. தண்டில் பட்ட காயமும் ஆறாது. மாமரம் பட்டை வளர்த்துக் காயத்தை மூடிவிடும். தென்னையில் அப்படி வளரும் அடுக்கே கிடையாது. பத்து வருடத்துக்கு முன் வெட்டிய படி இன்றைக்கும் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, குருத்து நேராக நின்று, ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விரிகிறது என்றால் தேற்றுவதற்கு வழி இருக்கிறது. குருத்து சாய்ந்தோ வாடியோ போயிருந்தால் நாள் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். குருத்து கையோடு வந்துவிட்டால், பெரும்பாலும் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

குருத்தைப் பார்த்த பிறகு மற்ற ஓலைகளை எந்த அடுக்கில் கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும் நெட்டை மரத்தின் மண்டையில் முப்பது, முப்பத்தைந்து ஓலை நிற்கும். அடி ஓலைகள் மட்டும் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தால் பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவு. அடி ஓலையில் வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்து, நிழல் விழும் பக்கம் பச்சையாகவே இருந்தால் மக்னீசியம் போதவில்லை. இளம் ஓலை கசங்கி, ஓலைக்கீற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாமல் வந்தால் போரான் குறைவு. விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் கலந்து கொம்பன் செல்லி என்பார்கள். நடு அடுக்கு ஓலைகள் துவண்டு, கீற்றுகள் உள்வாங்கி விலா எலும்பு மாதிரி வளைந்து நின்றால் அது வேர்வாடல். ஓலைக்கு மேல் கரி பூசினாற்போல் கறுத்திருந்தால் பயப்படவே வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்டையும் தடவிப் பார்க்க வேண்டும். மரம் மேலே போகப் போக பென்சில் சீவியதுபோல் ஒடுங்கியிருந்தால் பல வருடப் பட்டினி, அல்லது வேரில் தண்ணீர் தேங்குகிறது. ஓட்டை இருந்து அதில் பழுப்பு நிறச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. காதைத் தண்டில் வைத்துக் கேட்டால் உள்ளே புழு நறநறவென்று கடிப்பது கேட்கும். நான் கேட்டேன். ராத்திரி சத்தம் அடங்கிய பிறகு கேட்டால் இன்னும் தெளிவு.

இப்படிப் பார்த்ததில் எங்கள் இரண்டு மரமும் பிரிந்துவிட்டன. கிணற்றடி மரம்: குருத்து நேர், அடி ஓலை மஞ்சள், மேல்தண்டு ஒடுக்கம், பாளை சிறியது. அதற்குப் பசி. வாசல் மரம்: குருத்து ஒரு பக்கம் லேசாகச் சாய்வு, ஆள் உயரத்துக்கு மேலே மூன்று ஓட்டை. அதற்குப் புழு. அதன் காரணமும் நான்தான். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓலை மின்கம்பியில் உரசுகிறது என்று பச்சை மட்டைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டச் சொன்னேன். பச்சை வெட்டுக்காயத்தின் வாசனைக்குத்தான் கூன்வண்டு வந்து முட்டையிடும். வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி மட்டையை விட்டு வெட்ட வேண்டும். ஐந்து முதல் இருபது வயதுவரை உள்ள மரம்தான் அதற்கு ரொம்பப் பிடித்தது என்பதும் அப்போது தெரியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

உரமும் தண்ணீரும் போட்டுத் தேற்றுவது எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் மெதுவு. காய்க்கிற நெட்டை மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ மக்கிய சாணம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். நமக்கு இரண்டு மழை இருப்பது பெரிய வசதி: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின் வேகம் தணிந்து மண்ணில் ஈரம் நிற்கும்போது ஒரு பாதி, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மறு பாதி. கொட்டுகிற மழையில் போட்டால் உரம் ஓடைக்குப் போகும். காய்ந்த மண்ணில் போட்டால் வேரைச் சுடும். தூரை ஒட்டிக் கொட்டுவது வீண். தண்டிலிருந்து ஆறடி தூரம்வரை வட்டமாகத் தடம் எடுத்துப் பரவலாகப் போட்டு, கொத்தி மூடி, மேலே ஓலையும் தொண்டும் (தேங்காய் மட்டை) பரப்ப வேண்டும். தொண்டு பரப்பும்போது உள்பக்கம் கீழே பார்த்து, முதுகு மேலே இருந்தால் ஈரம் நிற்கும். மக்னீசியக் குறை தெரிந்தால் மக்னீசியம் சல்பேட் வருடத்துக்கு அரை கிலோ, போரான் குறை தெரிந்தால் போராக்ஸ் 50 கிராம் வீதம் வருடம் இரண்டு தடவை. போராக்ஸை அள்ளிப் போடக் கூடாது. கூடினால் அதுவே விஷம்.

டானிக் இதற்கு மாற்றா என்று கேட்டால், என் பதில் இல்லை. பல்கலைக்கழகத் தென்னை டானிக்கில் 40 மில்லியை 160 மில்லி தண்ணீரில் கலந்து, பென்சில் கனமுள்ள உயிர்வேர் ஒன்றைச் சாய்வாகச் சீவி, பைக்குள் விட்டுக் கட்டுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நுண்சத்துக் குறையால் குரும்பை கொட்டுகிற மரத்துக்கு அது நல்லது. ஆனால் வருடம் 50 கிலோ சாணம் கேட்கிற உடம்புக்கு 200 மில்லி எந்த மூலைக்கு? தடம் எடுத்து உரம் போட்ட மரத்துக்கு மேற்கொண்டு கட்டலாம். தடமே எடுக்காமல் டானிக் மட்டும் கட்டுகிற வழக்கம் ஆள் கூலியை மிச்சம் பிடிக்க வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவின் உப்புக்கு வருகிறேன். குளோரைடும் தென்னைக்கு வேண்டிய சத்துதான். கடலோர மரம் செழிப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் உப்பில் பொட்டாஷ் இல்லை, தழைச்சத்து இல்லை. பசித்தவனுக்கு ஊறுகாய் மட்டும் வைத்ததுபோல் ஆகிவிடும். அடுப்புச் சாம்பல் இருந்தால் அதைப் போடலாம், அதில் பொட்டாஷ் உண்டு. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலும் போயிற்று.

இந்த வழியில் பொறுமைதான் உரத்தைவிட அதிகம் செலவாகும். தென்னையின் பாளை வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய 32 மாதம் முன்பே உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்துக் காய் முற்ற இன்னொரு பதினொன்று, பன்னிரண்டு மாதம். ஆக, இன்றைக்குப் போட்ட உரத்தின் முழுப்பலன் தேங்காயாகத் தெரிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். முதலில் தேறுவது புது ஓலை. அப்புறம் குரும்பை நிற்கும். காய் எண்ணிக்கை கடைசியில் ஏறும். ஆறு மாதம் பார்த்துவிட்டு "உரம் போட்டும் பலனில்லை" என்று வெட்டிய மரங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு.

மருந்து வழிக்கு நேர் எதிர்க் குணம். நேரம்தான் எல்லாம். கூன்வண்டுப் புழு உள்ளே இருக்கும்போது சாணம் போட்டுக்கொண்டிருந்தால் புழுவுக்குத்தான் விருந்து. செய்ய வேண்டியது, சாறு வடியும் ஓட்டைகளில் மேலே உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைத்து, லிட்டருக்கு 1 மில்லி வீதம் இமிடாகுளோப்ரிட் கலந்த தண்ணீரைப் புனல் வைத்து மேல் ஓட்டை வழியாக ஊற்றி, அதையும் அடைப்பது. குருத்து நேராக இருக்கும்போது செய்தால் மரம் பிழைக்க வாய்ப்பு நன்றாகவே உண்டு.

இன்னொரு முறை, வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டுவது. பல வருடம் சிபாரிசாகவே இருந்த முறைதான். மருந்து 10 மில்லி, தண்ணீர் 10 மில்லி, கட்டுவதற்கு முன் முற்றிய காயெல்லாம் வெட்டி இறக்க வேண்டும், கட்டிய பின் 45 நாள் காய் தொடக் கூடாது. வீட்டு மரத்துக்கு நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்த அளவுக்குக் கடும் விஷம் அது; 2023-இல் அதன் 36% திரவத்தையே தடை செய்துவிட்டார்கள். தோப்பில் 45 நாள் காய் வெட்டாமல் இருந்திருக்கலாம். வீட்டில் இளநீர் விழுந்தால் பேரப்பிள்ளை எடுத்துக் குடிக்கும். அதிலும் கிணற்றுக்குப் பக்கத்து மரம் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை.

கொம்பன் செல்லிக்கு மருந்தே வேண்டாம். கொக்கிக் கம்பியால் குருத்தடியிலிருந்து வண்டைக் குத்தி எடுப்பதும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள் மட்டை இடுக்கு மூன்றில் வைப்பதும் போதும். வண்டு பெருகுகிற இடம் சாணக்குழியும் மக்கிக் கிடக்கும் தென்னைத் தடியும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் சாய்த்த மரங்களை அப்புறப்படுத்தாமல் போட்ட விளைகளில் (தோப்புகளில்) வண்டுக்கு எத்தனை தொட்டில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாணக்குழியில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைக் கலந்துவிட்டால் புழு அங்கேயே சாகும்.

கறுத்த ஓலை விஷயம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இப்போது எங்கும் இருக்கிறது. அது கழிக்கிற தேன்போன்ற திரவத்தில் வளரும் கரும்பூஞ்சைதான் அந்தக் கரி. பார்க்கப் பயங்கரம்; மரத்தைக் கொல்லாது. நான் பயந்துபோய் உரக்கடைக்காரர் கொடுத்த மருந்தை மூன்றாவது மரத்துக்கு அடித்தேன். ஈ ஒரு மாதம் குறைந்தது, பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. அதைத் தின்று அழிக்கிற எண்கார்சியா என்ற சின்னக் குளவியும் மருந்தில் செத்துப்போனதே காரணம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் கரி காய்ந்து உதிரும். மீதியைக் குளவியும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

குருத்தழுகல் தனி வகை. இடவப்பாதி மழையில், அதுவும் பேச்சிப்பாறை, குலசேகரம் மாதிரி ஈரம் காயாத பக்கங்களில் வரும். நடுக்குருத்து வெளுத்து, இழுத்தால் நாற்றத்தோடு கையில் வரும். இதற்கு உரமும் இல்லை, வேர் வைத்தியமும் இல்லை. ஏறி வெட்டுகிற அறுவைச் சிகிச்சை ஒன்றுதான். அழுகிய பாகம் முழுவதையும் நல்ல சதை தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமும் சுண்ணாம்பு 100 கிராமும் தனித்தனியாக அரை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சேர்த்த போர்டோ பசையைத் தடவி, புதுக் குருத்து வரும்வரை மழை இறங்காமல் மூடி வைக்க வேண்டும். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அடி மொட்டு அழுகாமல் இருந்தால் பிழைக்கும். திருவட்டாரில் மைனி வீட்டு மரம் இப்படித்தான் பிழைத்தது. இரண்டு வாரம் தாமதித்த பக்கத்து வீட்டு மரம் மொட்டையாக நின்று போயிற்று.

எப்போது வெட்டுவது? தஞ்சாவூர் வாடல் என்கிற அடித்தண்டு அழுகல் முற்றியிருந்தால் தயங்கக் கூடாது. 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். தூரிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து மேலே ஏறும், அடி ஓலைகள் பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கும், கடைசியில் தூரில் தட்டுத்தட்டாகக் காளான் வரும். ஆரம்பத்தில் வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ, டிரைகோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணம், போர்டோ கலவையைத் தூரில் ஊற்றுவது என்று தள்ளிப்போடலாம். காளான் தெரிந்த பிறகு வேர் போய்விட்டது என்று பொருள். வீட்டுக் கூரைமேல் விழும்வரை காத்திருப்பது முட்டாள்தனம். அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்க வேண்டும், பூஞ்சாணம் அங்கேதான் குடியிருக்கும்.

வேர்வாடலில்தான் எனக்கும் சித்தப்பாவுக்கும் வாக்குவாதம். 1882-இல் கேரளத்தில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் தெரிந்த நோய் இது. எல்லையைத் தாண்டி நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புவது. குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் மரத்தைச் சட்டென்று கொல்லவும் செய்யாது. நல்ல உரம், தண்ணீர் கொடுத்தால் வருடக்கணக்கில் காய்த்துக்கொண்டிருக்கும். வருடத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தையும், காய்ப்புக்கு வராமலே நோய் கண்ட கன்றையும் எடுத்துவிடச் சொல்கிறது காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. சித்தப்பாவின் விளையில் நோய் கண்ட மரம் ஒன்று நாற்பது காய் தருகிறது. அதை அவர் வெட்டவில்லை. எங்கள் மரத்தைத்தான் வெட்டச் சொல்கிறார்.

வெட்டுவதிலும் செலவு உண்டு. வீட்டோடு ஒட்டிய மரத்தைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கத்தான் வேண்டும், அந்தக் கூலிக்கு இரண்டு வருடம் தேங்காய் வாங்கலாம். கூன்வண்டு விழுந்த தடியைப் பிளந்து எரிக்காமல் போட்டால் அடுத்த மரத்துக்கு நாமே பூச்சி வளர்த்துக் கொடுத்ததாகும். புதுக் கன்று குட்டை என்றால் மூன்று, நான்கு வருடம். நெட்டை என்றால் ஆறு, ஏழு. குட்டையில் ஏற ஆள் தேட வேண்டாம், இளநீர் நன்றாக இருக்கும். கொப்பரைக்கும் அரைத்த குழம்புக்கும் நெட்டைக் காய்தான். நெட்டை அறுபது வருடம் தாண்டி நிற்கும், குட்டை அவ்வளவு நிற்காது, தண்ணீர்ப் பஞ்சமும் தாங்காது. வேர்வாடல் உள்ள பக்கங்களுக்கென்று அதன் காயங்குளம் கிளை நிலையம் தந்த கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்ற மூன்றில் ஒன்றை வைப்பது விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து ஆட்களுக்குப் புத்திசாலித்தனம். ஓலை ஒன்று பதினைந்து, இருபது அடி நீளம் என்பதை நினைத்துச் சுவரிலிருந்து தள்ளிக் குழி எடுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால்தான் மின்கம்பித் தகராறே.

எங்கள் இரண்டு மரத்துக்கும் என்ன ஆயிற்று? வாசல் மரத்துக்கு ஓட்டையில் மருந்து ஊற்றினேன். பதினைந்து நாளில் குருத்து இன்னும் சாய்ந்தது, அப்புறம் மண்டையே தொங்கிவிட்டது. சித்திரையில் வெட்டினோம். பிளந்தபோது உள்ளே ஒரு சாண் அகலத்துக்குத் தண்டே இல்லை, நார்க்கூடும் புழுவும்தான். குருத்து சாயத் தொடங்கிய பிறகு நான் ஊற்றியது மரத்துக்கு இல்லை, என் மனசுக்கு.

கிணற்றடி மரத்துக்கு அந்த ஆடியில் தடம் எடுத்தோம். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. உரம் போட்ட அன்று கடைசியாக விரிந்திருந்த ஓலையின் மட்டையில் அண்ணாச்சியை விட்டுச் சிவப்புப் பெயின்ட் தீட்டச் சொன்னேன். அதற்கு மேலே இப்போது பதின்மூன்று ஓலை. பாளை இன்னும் சின்னதுதான், குரும்பை நிற்கத் தொடங்கியிருக்கிறது. சித்தப்பா வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

வாசல் பக்கம் கம்பியிலிருந்து தள்ளி மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டியாயிற்று. செம்மண் அடியில் கல்லாக இறுகிக் கிடந்தது. கல்ப சங்கரா வைப்பதா, அப்பா வைத்த மரத்தின் நெற்றையே முளைக்க வைத்து நடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கும்போதே அம்மா யாரிடமும் கேட்காமல் குழிக்குள் இரண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டிவிட்டாள். சண்டை போடலாம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். இப்படிக் கல்லாக இறுகும் செம்புரை மண்ணில் (லேட்டரைட்) நடுவதற்கு ஆறு மாதம் முன்பே குழியின் அடியில் இரண்டு கிலோ உப்பு போட்டால் இறுகிய மண் இளகும் என்று போட்டிருந்தது. ஆகவே நடுவது மாசிக்குப் பிறகுதான்.